திருப்தி எனில் ஒன்று

மண்டல அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான். அதில் மாராத்தக்காவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். தள்ளி உட்காரலாமென்றால் இந்தப் பக்கம் ஜெராக்ஸ் காகிதப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் அக்காவின் முழங்கை என் விலாவில் படுகிறது. துவைத்து மடித்து வைத்திருந்து இன்றைக்கென்று எடுத்துக் கட்டிய சேலைதான், அதிலிருந்தும் எருமை வாசனை வருகிறது, இந்த வாசனையால்தான், இல்லை, வாசனையைக் காரணம் சொல்லக்கூடாது, காய்ச்சலால்தான், என் மகள் ஓவியாவுக்கு வந்த காய்ச்சலால்தான் நான் அதைச் செய்தேன், அப்படித்தான் ஒன்றரை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அக்கா முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வா கண்ணு, உக்காரு. வரி கட்டவா வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. வரி கட்ட வரவில்லை அக்கா, உங்கள் எருமைகள் மேல் புகார் எழுதிப் போட்டது நான்தான், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தேன், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால். பதினொன்று இருபதுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பியூன் அந்தக் கோப்புக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சொல்லிவிடுகிறேன். பியூன் உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறான், அக்கா கொட்டாவி விடுகிறார், நான் சொல்லவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து கறந்துவிட்டு வந்திருப்பார். மூன்று எருமையும் ஒரு கன்றும். சுட்டிதான் பெரியது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது. எங்கள் சமையலறைச் சுவருக்கும் அந்தத் தொழுவத்துக்கும் நடுவில் எட்டடி இருக்கும், இரவில் சுட்டி மூச்சு விடுவது கூடக் கேட்கும். நாங்கள் வீடு கட்டியபோது வரைபடத்தில் அந்தப் பக்கம் ஐந்தடி காலியாக விட வேண்டும் என்று போட்டிருந்தது, அதில்தான் துணி துவைக்கும் கல்லும் தகரக் கூரையும் போட்டிருக்கிறோம், அதை யாரும் புகார் செய்யவில்லை. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கணவருக்குச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, இந்த ஊரில் எங்களை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டவர் மாராத்தக்காதான். கிரகப்பிரவேசத்தன்று சுட்டியின் கன்றுக்குட்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார், பசுவா எருமையா என்று ஐயர் முகம் சுளித்தார், அக்கா சிரித்துக்கொண்டே ஓட்டிப் போய்விட்டார். அப்போது இது ஊராட்சியாக இருந்தது. பிறகு ஒருநாள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், மாநகராட்சி, வார்டு எண் போட்டார்கள், தெருவிளக்கு வந்தது, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டோம். அக்காவின் பதினாலு சென்ட் நிலம் எந்த நாளில், எந்தக் காகிதத்தில் குடியிருப்பு மண்டலமாக மாறியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எருமைகளுக்கு எப்படித் தெரியும்.

பத்தரைக்கு நான் வந்தபோது அக்கா இங்கே இல்லை. ஜன்னலில் குனிந்து, தாழ்ந்த குரலில், ஒரு புகார் கொடுத்திருந்தேன், வாபஸ் வாங்கணும் என்று சொன்னேன். எழுத்தர் அம்மா எண்ணைக் கேட்டார், செல்போனைக் காட்டினேன், அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "மங்கையர்க்கரசிங்களா?" என்று என் பெயரைச் சத்தமாகவே படித்தார். திரும்பிப் பார்த்தேன், அந்த நேரம் பார்த்து மாராத்தக்கா செருப்பைக் கீழே கழற்றி விட்டுவிட்டுப் படியேறி வந்துகொண்டிருந்தார். கடைசிப் படியில் இருந்தார். கேட்டிருக்காது. கேட்டிருந்தால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்லியிருக்க மாட்டார். அல்லது கேட்டும்தான் உட்காரச் சொன்னாரா? கேட்டிருக்காது. எழுத்தர் அம்மா குரலை இறக்கவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. வாபஸ் என்று ஒன்று இதில் கிடையாது, புகார் வந்தால் ஆய்வு செய்வார்கள், ஆய்வில் விதிமீறல் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது உங்கள் புகார் இல்லை, மாநகராட்சியின் நடவடிக்கை, நீங்கள் இல்லையென்றாலும் அது நடக்கும் என்று விளக்கமாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். "உங்களுக்கு மனசு சங்கடமா இருக்குது, புரியுது. ஆனா இதை நான் எந்தக் கோப்புல வைக்கறதுங்க?" என்றார்.

எந்தக் கோப்பில் வைப்பது. அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஐந்தாவது நாள் நர்ஸ் வந்து ரத்தத்தட்டு முப்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று சொன்னாளே, அதை எந்தக் கோப்பில் வைப்பது? ஓவியாவுக்கு நாலு வயசு. உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளி, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால் ரத்தம் நிற்கவில்லை, அவள் அழக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது, தண்ணீர் வேண்டுமா என்றால் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். நான் வெளியே வந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து செல்போனை எடுத்தேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, காய்ச்சல் மேல் கோபப்பட முடியாது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் வழிந்தோடும் சாணித் தண்ணீரை மொட்டைமாடியிலிருந்து எடுத்த போட்டோ ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்தது, தங்கைக்கு அனுப்புவதற்காக, பார் எங்கள் வீட்டு லட்சணத்தை என்று. அப்படியென்றால் எட்டு மாதமாகவே கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேனா? அந்தத் தண்ணீர் நாறியது உண்மை. ஈ மொய்த்தது உண்மை. ஓவியா பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் இடுப்பில் ஏறிக்கொள்வாள், ஷூவில் படக்கூடாதென்று. நான் ஒன்றும் பொய்யாக எழுதவில்லை. மாட்டுத் தொழுவத்தால் கொசு உற்பத்தியாகி என் குழந்தை உயிருக்குப் போராடுகிறாள் என்று மாநகராட்சியின் புகார்ச் செயலியில் எழுதினேன். அனுப்பு என்பதைத் தொட்டேன். தொட்டதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, அதுவும் உண்மைதான்.

"கண்ணு, இதைச் சித்த எழுதிக் குடு," என்று அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டுகிறார். கால்நடை வளர்ப்பு உரிமத்துக்கான விண்ணப்பம். எருமையைப் பிடிக்க வண்டி எந்த நாளிலும் வரலாம் என்று நேற்று மூன்றாவது நோட்டீஸ் வந்ததாம், பால் சொசைட்டிக்காரர் படித்துச் சொன்னாராம், இதைக் கொடுத்து உதவி ஆணையரைப் பார்த்தால் நிறுத்தி வைப்பார்கள் என்று அவர்தான் சொல்லி அனுப்பினாராம். முதல் நோட்டீசை அக்கா என்னிடம்தான் கொண்டு வந்தார். ஓவியா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது, அக்கா ஒரு சொம்பு பாலோடு வந்து, பாப்பாவுக்குச் சுண்டக் காய்ச்சிக் குடு என்று வைத்துவிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது பார் என்று நோட்டீசைத் தந்தார். புகாரின் பேரில் என்ற வரி முதலிலேயே இருந்தது. என் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை. அதற்குக் கீழே, பதினைந்து நாளுக்குள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் கால்நடைகள் அப்புறப்படுத்தப்படும் என்று இருந்தது. அதையும் பார்த்தேன். சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா, வேறொன்றுமில்லை என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? விண்ணப்பிக்கப் போனால் யார் புகார் கொடுத்தது என்று கேட்பார், யாராவது சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். ஏதாவது ஒரு மேஜையில் தூங்கிப்போகும், இந்த ஊரில் எது நடந்திருக்கிறது, இது நடக்க என்று நினைத்தேன். அக்கா அன்றைக்கே தொழுவத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தெருவரைக்கும் கூட்டிவிட்டார். இரண்டாவது நோட்டீஸ் வந்தபோதும் நான்தான் படித்தேன், அன்றைக்கும் சுத்தம் என்றேன், அன்றைக்கும் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தத்தைச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தை மடியில் வைத்து எழுதுகிறேன். விண்ணப்பதாரர் பெயர் மாராத்தாள், கணவர் பெயர் லேட் சென்னியப்பன், வார்டு, புல எண், எல்லாம் அக்கா பட்டா நகலை எடுத்துக் காட்டக் காட்ட எழுதுகிறேன். கால்நடைகளின் எண்ணிக்கை. கன்னையும் சேர்த்துக்க என்கிறார். கழிவு அகற்றும் முறை. "காட்டுக்காரங்க வந்து எருவுக்கு அள்ளீட்டுப் போறாங்கன்னு போடு." தொழுவத்துக்கும் அருகிலுள்ள குடியிருப்புக்கும் இடையே உள்ள தூரம். பேனா நிற்கிறது. அருகிலுள்ள குடியிருப்பு நான். எத்தனை அடி போடலாம் அக்கா என்று கேட்கிறேன். அளந்தா பாத்தோம், நீ சொல்றதைப் போடு என்கிறார். தொழுவம் முப்பது வருஷமாக அங்கே இருக்கிறது, நாங்கள் வந்து ஆறு வருஷம், ஆனால் இந்தக் கட்டத்தில் யார் முதலில் வந்தார்கள் என்று கேட்கவில்லை, தூரத்தைத்தான் கேட்கிறது. எட்டு என்று எழுதுகிறேன். அது போதாது, எங்கேயோ பின்பக்கத்தில் குறைந்தது ஐம்பது அடி என்று அச்சடித்திருக்கிறது. எட்டை எதாக மாற்ற முடியும்? கடைசிக் கட்டம், நிலத்தின் பயன்பாட்டு வகை. அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன். "எருமை கட்டற நெலம், வேறென்ன," என்கிறார். அதற்கு அங்கே இடமில்லை. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நாலு பெட்டி, ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எழுந்துபோய் எழுத்தர் அம்மாவிடம் கேட்டேன். ஆவணத்தில் குடியிருப்பு என்றால் குடியிருப்புத்தான், குடியிருப்பில் மாடு வைக்க உரிமம் இல்லை, விவசாயம் என்று மாற்ற வேண்டுமானால் நகரமைப்புப் பிரிவில் தனியாக மனுப் போட வேண்டும், மன்றத்தில் தீர்மானம் ஆகி மேலே போய் வர ஒரு வருஷமாவது ஆகும், ஆனாலும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று ஐயா எழுதினால் அதுவரைக்கும் மாட்டைத் தொடமாட்டார்கள் என்றார். அந்த ஆனாலும் எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பி வந்து, ஆகிடும்போல இருக்கு அக்கா என்றேன். அவர் என் முழங்காலைத் தட்டினார். எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ, அவன் வீட்டிலும் என்ன கஷ்டமோ என்றார். நான் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பு.

ஓவியா வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தாள், கையில் டார்ச் விளக்கும் வெள்ளைக் கிண்ணமும். தொட்டியைப் பார்த்தாள், பூந்தொட்டித் தட்டைப் பார்த்தாள், பிறகு ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க அக்கா என்றாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதைக் கழற்ற முடியும் என்று தெரியாது. அவள் கழற்றினாள், கிண்ணத்தில் ஊற்றினாள், தெளிந்த தண்ணீர், அதில் மயிரிழை போல நெளிந்தன, மேலே வந்து தொங்கின, மறுபடி கீழே போயின. பக்கத்துத் தொழுவத்திலிருந்து வந்திருக்குமோ என்று கேட்டேன். சாணித் தண்ணியில இந்த டெங்குக் கொசு முட்டை வைக்காதுங்க, நல்ல தண்ணியிலதான் வைக்கும் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரோரம்தான் ஓவியா பொம்மைகளை வைத்து விளையாடுவாள், தரை குளிர்ச்சியாக இருக்கும் என்று அங்கேயே படுத்துத் தூங்குவாள். தட்டை மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். கணவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே இங்கே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் முதல் நோட்டீசே வந்திருக்காதோ என்னவோ. அடுத்த நாள் போகலாம் என்று நினைத்தேன், அடுத்த நாள் ஓவியாவுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை, அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

செல்போன் மடியில் அதிர்கிறது. ஓவியாவின் பள்ளிக்கூடமாக இருக்கும் என்று எடுக்கிறேன். உங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு மூன்று எருமைகள், ஒரு கன்று அப்புறப்படுத்தப்பட்டன, தீர்வு காணப்பட்டது, நீங்கள் திருப்தி எனில் ஒன்று, இல்லையெனில் இரண்டு என்று பதில் அனுப்பவும். கீழே ஒரு போட்டோ. காலித் தொழுவம், அறுத்த கயிறு முளையிலேயே கிடக்கிறது, ஓரத்தில் எங்கள் துணி துவைக்கும் கல்லின் மூலை தெரிகிறது. மணி பன்னிரண்டு பத்து. அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பாப்பா இஸ்கூல்லிருந்தா என்று கேட்கிறார். இல்லக்கா, கம்பெனி மெசேஜ். செல்போனைக் கவிழ்த்து வைக்கிறேன். விண்ணப்பம் இன்னும் மடியில் இருக்கிறது, அக்கா கைரேகை வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன், இப்போது சொல்ல வேண்டும், இப்போது சொன்னால் இங்கேயே விழுந்துவிடுவாரோ, ஐயா கையெழுத்துப் போட்டால் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களோ, அப்படியென்றால் இப்போது சொல்லக்கூடாது, கையெழுத்து வாங்கிவிட்டுச் சொல்லலாம். செல்போனைத் திருப்பி இரண்டு என்று அனுப்புகிறேன். உடனே பதில் வருகிறது. தங்கள் கருத்துக்கு நன்றி. அக்கா மை டப்பாவில் கட்டைவிரலை அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைக்கிறார், வைத்துவிட்டு நன்றாக விழுந்திருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்.

உதவி ஆணையர் ஒன்றே காலுக்குத்தான் வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், விண்ணப்பத்தை முழுவதும் படித்தார், எட்டடி என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் நோட்டீஸ் வந்த பதினைந்து நாளுக்குள் இதைக் கொடுத்திருந்தால் நிலுவை என்று போட்டு நிறுத்தியிருக்கலாம் அம்மா, கெடு தாண்டிவிட்டதே, ஏன் வரவில்லை என்று கேட்டார். சுத்தமாக வைக்கச் சொல்லித்தானே சாமி எழுதியிருந்தது, வைத்தேனே என்றார் அக்கா. ஐயா நோட்டீஸ் நகலை எடுத்துப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், யார் படித்துச் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டுவிடுவார் என்று நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விண்ணப்பத்தின் ஓரத்தில் பச்சை மையில் பரிசீலித்து அறிக்கை அளிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுகாதாரப் பிரிவு வேலை முடித்திருந்தால் என்னால் உடனே திருப்ப முடியாது, திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார். அக்காவுக்கு அந்தப் பாதி காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் பச்சைக் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "காஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மூணரைக்குக் கறக்கணும், என்னை உன்ற வண்டியில கொண்டுபோய் விட்டுரு கண்ணு என்றார்.

ஸ்கூட்டரில் அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கனமான கை, கறந்து கறந்து காய்த்துப்போன கை. பைபாசில் லாரிகள் போகின்றன, வெயில் தார்மேல் தண்ணீர் மாதிரி மின்னுகிறது. காலித் தொழுவத்தை அவர் பார்க்கும்போது பக்கத்தில் நான் நிற்க வேண்டும், நின்று ஐயோ என்று சொல்ல வேண்டும், அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வேன்? அக்கா எதையோ சொல்லிக்கொண்டே வருகிறார், கன்றுக்குப் பூச்சி மருந்து, சொசைட்டி, காற்றில் பாதிதான் கேட்கிறது. ஏன் அப்போது சொன்னேன், அந்த இடத்தில் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலாக இருக்கும். "அக்கா, புகார் எழுதினது நான்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப எழுதிட்டேன். இப்ப மெசேஜ் வந்துச்சு, எருமையெல்லாம் புடிச்சிட்டுப் போயிட்டாங்க." ரோட்டைப் பார்த்துச் சொன்னேன். பேச்சு நின்றது. கேட்கவில்லையோ, மறுபடி சொல்ல வேண்டுமோ என்று நினைத்தேன். பிறகு தோளிலிருந்து கை எடுபட்டது, பின்னால் இருக்கிற கம்பியை அவர் பிடித்துக்கொண்டதில் வண்டி லேசாக ஆடியது.

"நிறுத்து."

நிறுத்தினேன். அக்கா இறங்கி, என்னைப் பார்க்காமல் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். செருப்பில் ஒன்று வாரில்லாமல் இழுபட்டது. நான் எஞ்சினை அணைக்காமல், காலை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்தேன், தாண்டிப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் எங்கள் இரண்டு பேரையும் உரசிப் போனது. ஃப்ரிட்ஜ் தட்டைச் சொல்லவில்லை. நோட்டீசைப் பாதி படித்ததைச் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நூறு அடி நடந்திருப்பார். ஒரு புளியமரத்து நிழலில் நின்றார், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார், வெறும் ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். ஆட்டோ எதுவும் இல்லை. பிறகு திரும்பி வந்து, எங்கே கொண்டுபோவாங்க என்று கேட்டார். குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் மாடு அடைக்கிற பட்டி இருக்கிறதாம் என்றேன். ஏறி உட்கார்ந்தார். அந்தப் பின்கம்பியைத்தான் பிடித்துக்கொண்டார். திருப்பு என்றார்.

பட்டிக்கு வந்துசேர நாலு மணி தாண்டிவிட்டது. உயரமான இரும்புக் கதவு, மேலே முள்கம்பி, குப்பை எரியும் புகை கண்ணைக் கரிக்கிறது. காவலாளி கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, திங்கட்கிழமை உரிமத்தோடு வாருங்கள், உரிமம் இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும் என்கிறார். அக்கா பச்சைக் கையெழுத்தைக் காட்டுகிறார். அவர் படித்துவிட்டு, இதில் விடு என்று எழுதவில்லையே என்கிறார். அக்கா கதவில் கையை வைத்து, "சுட்டீ," என்று ஒரு குரல் கொடுக்கிறார். உள்ளேயிருந்து சுட்டி கத்துகிறது, அது கத்தியதும் மற்ற இரண்டும் கத்துகின்றன, கன்று எங்கேயோ தனியாகக் கத்துகிறது, அதை வேறிடத்தில் கட்டியிருப்பார்கள் போல. மடி கட்டிப்போயிரும் சாமி, கன்னையும் ஊட்ட விடலை, ஒரு தடவை உள்ளே விடுங்க, கறந்து கீழே வேணாலும் ஊத்தீட்டுப் போயிடறேன் என்கிறார் அக்கா. காவலாளிக்கு ஐம்பது வயதிருக்கும், அவருக்கும் மாடு தெரியும்போல, உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறார். எழுத்தில் இல்லாமல் விட்டால் என் வேலை போய்விடும், எதையாவது எழுதிக் கொடுங்கள், போட்டோ எடுத்துச் சூப்பர்வைசருக்கு அனுப்புகிறேன், அவர் சரி என்றால் விடுகிறேன் என்று வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தருகிறார்.

அக்கா அதை வாங்கி என்னிடம் நீட்டுகிறார். பைபாசுக்குப் பிறகு இப்போதுதான் என்னை நேராகப் பார்க்கிறார். கண் சிவந்திருக்கிறது, கோபமா என்று தேடிப் பார்க்கிறேன், தெரியவில்லை, அவர் காதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்துக் குனிகிறேன். அனுப்புநர் என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே மாராத்தாள் என்று எழுதப் போகிறேன், மா எழுதிவிட்டேன், பேனாவுக்குப் பக்கத்தில் அக்காவின் விரல் வந்து தாளை அழுத்துகிறது, நகக்கண்ணில் இன்னும் கைரேகை மை.

"என்ற பேரு வேண்டாம். உன்ற பேரைப் போடு. உன்ற பேருக்குத்தான் அவங்க வர்றாங்க."

மாவை அடித்துவிட்டு என் பெயரை எழுதுகிறேன். மங்கையர்க்கரசி, நீளமான பெயர், இரண்டாவது வரிக்குப் போகிறது. முகவரி எழுதுகிறேன். செல்போன் எண் எழுதுகிறேன். ஐயா, பால் கறக்க அனுமதிக்க வேண்டுகிறேன் என்று எழுதுகிறேன், அதற்கு மேல் ஒரு வரி வேண்டும், காரணம் எழுத வேண்டும், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, மடி கட்டிவிடும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். காவலாளி வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். இன்னும் பார்க்கவில்லை என்கிறார். கொஞ்சம் கழித்து, பார்த்துவிட்டார் என்கிறார். பதில் இல்லை. அக்கா கதவோரம் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்காரப் போனேன், அவர் நகர்ந்து இடம் விடவில்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை, ஆகவே நின்றுகொண்டிருக்கிறேன்.